எரிந்த காயிலும் இல்லாத குழாயும்: காங்கயம் பக்கத்து பேஸ் பாக்ஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புகார்

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் பாதையில் ஓர் ஊர். அங்கே மைக்செட் வைத்திருப்பவர் ஒருவருடைய பெட்டிகள் பற்றியது இந்த ஆய்வு. அப்பா காலத்துத் தொழில். மாரியம்மன் பண்டிகை, சீர், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் போவார். ஆனால் சில வருடங்களாக அவருக்குச் சோறு போடுவது வள்ளி கும்மி அரங்கேற்றம்தான். கொங்கு நாட்டில் இப்போது கும்மி இல்லாத கோயில் விசேஷத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் வரிசை கட்டி நிற்பார்கள். ஆசிரியர் பாடுவார், கூடவே பம்பை, தவில், இப்போது ரிதம் பேடும் (தட்டினால் தாள ஓசை தரும் மின்னணுக் கருவி) சேர்ந்துகொண்டது. அந்த பேடில் அடிக்கும் 'கிக்', அதாவது பெரிய டிரம்மின் ஓசை, நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும் என்று குழுக்காரர்களே கேட்கிறார்கள்.

அதற்காகவே நான்கு புது பேஸ் பாக்ஸ் (ஆழமான கீழ்ச் சத்தத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி) செய்தார். ஒவ்வொன்றிலும் 15 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, 8 ஓம், காகிதத்தில் 500 வாட். பெட்டியை ஊர் ஆசாரி 18 மி.மீ. பிளைவுட்டில் செய்து கொடுத்தார். முதல் பண்டிகையிலேயே ஒரே இரவில் இரண்டு ஸ்பீக்கர் போயின. டவுனில் ஒரு கடையில் ரீகோன் செய்து, அதாவது காகிதக் கோனையும் கம்பிச் சுருளான காயிலையும் புதிதாகப் போட்டு, மாட்டினார். அடுத்த அரங்கேற்றத்தில் மறுபடி இரண்டு போயின. அதில் ஒன்று ரீகோன் செய்தது, இன்னொன்று அதுவரை நன்றாக இருந்தது.

"ஏனுங் தம்பி, கம்பெனி ஸ்பீக்கருங். 500 வாட்டுன்னு போட்டிருக்குது. என்ற ஆம்ப்பு பாக்ஸுக்கு அதுக்கும் கீழதானுங் குடுக்கும். அப்புறம் எப்படிங் எரியும்?"

"பொட்டியயும் சேத்துக் கொண்டாங்கண்ணா, பாக்கலாம்" என்றேன்.

"பொட்டிக்கு என்னுங் ஆச்சு? அது நல்லாத்தானுங் இருக்குது."

காயில் கம்பி டூப்ளிகேட், ஜெனரேட்டர் கரண்ட் சரியில்லை, ரீகோன் செய்தவருக்கு வேலை தெரியவில்லை என்று அவரிடம் சந்தேகப் பட்டியல் நீளமாக இருந்தது. பெட்டி மட்டும் அதில் இல்லை.

பிரித்துப் பார்த்ததில்

நடுவில் இருக்கும் டஸ்ட் கேப்பை பிளேடால் வட்டமாக அறுத்தெடுத்ததும் வார்னிஷ் கருகிய வாசம் வந்தது. அது எதிர்பார்த்ததுதான். மல்டிமீட்டரில் ஒரு காயில் ஓப்பன், கம்பி அறுந்துவிட்டது. மற்றது 5.6 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 3.1 காட்டியது. அதாவது உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கின்றன. இதுவரைக்கும் பார்த்தால் 'சூட்டில் செத்தது' என்று எழுதி மூடிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் மூடுகிறார்கள்.

கோனையும், காயிலை நடுவில் பிடித்து வைக்கும் நெளி வளையமான ஸ்பைடரையும் அறுத்துக் காயிலை முழுதாக வெளியே எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காயில் சுற்றிய உருளையின் அடி விளிம்பு நசுங்கி, ஒரு பக்கம் வெளியே மடிந்திருந்தது. கீழ்ச் சுற்றுகள் பசை விட்டுத் தளர்ந்திருந்தன. டார்ச் அடித்து மேக்னெட்டுக்குள் பார்த்தால், அடித் தகட்டின் மேல் பளபளவென்று ஒரு வளையத் தழும்பு. அதன் விட்டமும் காயிலின் விட்டமும் ஒன்றாக இருந்தன. செத்த இரண்டிலும் இதே தழும்பு. ஒன்றில் ஸ்பைடரின் ஒட்டும் கால்வாசி பிரிந்திருந்தது.

சூடு மட்டும் இருந்தால் தகட்டில் தழும்பு விழாது. காயில் அடித்தகட்டில் போய் மோதியிருக்கிறது, ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, இரவு முழுக்க. மோதி நசுங்கி, தளர்ந்த சுற்றுகள் காந்த இடைவெளியின் சுவரில் உரசி, இன்சுலேஷன் போய், ஷார்ட் ஆகி, அப்புறம்தான் எரிந்திருக்கிறது. அடி முதலில், சூடு பின்னால்.

மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. போர் மோட்டார் எரிந்து வந்தால், விவரமான வைண்டர் முதலில் கேட்பது 'கிணத்துல தண்ணி எவ்வளவு நிக்குது?' என்பதைத்தான். தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டாருக்கு எத்தனை முறை காயில் கட்டினாலும் அது திரும்பி வரும். இந்த ஸ்பீக்கர்களும் அப்படித்தான் திரும்பி வந்திருக்கின்றன. மோட்டாருக்குத் தண்ணீர் எதுவோ, ஸ்பீக்கருக்கு அது பெட்டிக்குள் இருக்கும் காற்று.

காயில் செய்யும் வேலை

ஸ்பீக்கருக்குள் இருப்பது ஒரு சின்ன மோட்டார். சுற்றாது, முன்னும் பின்னும் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் இரும்புத் தூண், சுற்றிலும் மேல் தகடு, இரண்டுக்கும் இடையில் ஒடுக்கமான வட்ட இடைவெளி. காந்தத்தின் புலம் முழுதும் அந்த இடைவெளியில் குவிகிறது. அதில் தொங்கும் காயிலில் கரண்ட் ஓடினால் அது தள்ளப்படும். கரண்ட் திசை மாறினால் இழுக்கப்படும். காயிலோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளுகிறது. ஸ்பைடரும் கோனின் ஓரத்து மடிப்பும் அதை நேராக வைத்து, நடுநிலைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் 1925இல் வெளியிட்ட வடிவம்தான் இது. பசையும் காந்தமும் காகிதமும் மாறியிருக்கின்றன, அமைப்பு இன்னும் அதேதான்.

இந்த ஸ்பீக்கரின் பேப்பரில் இருந்த எண்களைப் பார்க்கலாம். காந்தப் புலத்தின் வலிமையையும் அதற்குள் இருக்கும் கம்பியின் நீளத்தையும் பெருக்கினால் 18. ஒரு ஆம்பியர் கரண்டுக்கு 18 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 1.8 கிலோ எடையைத் தூக்கும் தள்ளு. அசையும் பாகம் மொத்தமும் சுமார் 100 கிராம்தான். ஆகவே கோன் பறக்கிறது என்றால் ஆச்சரியமில்லை.

எவ்வளவு தூரம் பறக்கலாம்? மேல் தகட்டின் தடிமன் 10 மி.மீ., காயிலின் உயரம் 20 மி.மீ. இரண்டு பக்கமும் 5 மி.மீ. மிச்சம். அதுவரை போனால் இடைவெளிக்குள் இருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை மாறாது, சத்தம் சுத்தமாக இருக்கும். அதைத் தாண்டினால் காயில் காந்தத்தை விட்டு வெளியேறத் தொடங்கும், சத்தம் கரகரக்கும். இன்னும் தாண்டினால் அடித்தகடு.

சரி, 500 வாட் என்று போட்டிருக்கிறதே? அந்த எண் சூட்டைப் பற்றியது. காயில் கருகாமல் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதே அதன் பொருள். ஸ்பீக்கரைப் போல வீணடிக்கும் யந்திரம் குறைவு. இந்த 15 இஞ்சில் கொடுப்பதில் நூற்றுக்கு இரண்டேகால் பங்குதான் சத்தமாகிறது, மீதி காயிலில் சூடாகிறது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். காயில் 150 டிகிரி சூடேறினால் 5.6 ஓம் கிட்டத்தட்ட 9 ஓம் ஆகிவிடும். கரண்ட் குறையும், சத்தம் மூன்று நான்கு டெசிபல் விழும். "ஒன்பது மணிக்கு மேல சவுண்டு எறங்குதுங் தம்பி" என்று அவர் சொன்னதற்கு இதுதான் காரணம். இறங்கியதும் அவர் வால்யூமை ஏற்றுவார். அதுவும் சூடாகத்தான் போகும்.

கோன் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அந்த 500 சொல்லாது. அதைத் தீர்மானிப்பது இரண்டு: எந்த அதிர்வெண், எந்தப் பெட்டி.

பெட்டி எதற்கு

பெட்டி இல்லாமல் ஒரு ஸ்பீக்கரை மேசையில் வைத்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள், பேஸ் வராது. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீள அலைக்கு 15 இஞ்ச் கூடை ஒரு தடையே இல்லை. முன்பக்கக் காற்று சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தப் பின்பக்கச் சத்தத்தை அடைத்து வைக்கப் பெட்டி வேண்டும்.

முழுக்க மூடிவிட்டால் பின்பக்கச் சத்தம் வீண். அதையும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று ஆல்பர்ட் துராஸ் என்பவர் பெல் ஆய்வகத்தில் யோசித்தார். 1932இல் பேட்டன்ட் கிடைத்தது. பெட்டியில் ஒரு துளை, துளைக்குப் பின்னால் ஒரு குழாய். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாக ஆடும். அந்த அதிர்வெண்ணில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடும், சத்தத்தைக் குழாய் வாய் கொடுக்கும். கோன் நின்றால் காயில் பிழைத்தது.

இதில் ஒரு கண்ணி உண்டு. அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ். குழாய்க் காற்று கோனுக்கு எதிர்த் திசையில் ஓடும், பெட்டிக்குள் அழுத்தமே ஏறாது. கோனுக்குப் பிடிமானம் போய்விடும், பெட்டி இல்லாத ஸ்பீக்கர் மாதிரி வெற்றாக ஓடும். சத்தம் வேகமாகக் குறையும், ஓட்டம் ஏறும்.

அதோடு அதிர்வெண்ணின் கணக்கும் சேர்கிறது. அதே சத்தம் வேண்டுமானால் ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், கோன் நான்கு மடங்கு ஓட வேண்டும். இந்த 15 இஞ்ச் கோன் 5 மி.மீ. ஓடினால் 80 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 117 டெசிபல் வரும். 40 ஹெர்ட்ஸில் அதே 5 மி.மீ. ஓட்டத்துக்கு 105 தான். நம் காதும் கீழ் அதிர்வெண்களுக்கு மந்தம்.

அவருடைய அப்பா காலத்துக் கூம்புக் குழாய்கள் ஏன் இப்படிச் சாகவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கூம்புக் குழாய் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் பாடாது. டயாஃப்ரம் ஓடவேண்டிய தூரமே மிகக் குறைவு. கூம்பு காற்றோடு நன்றாகப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் வாட்டிலேயே ஊர் தாண்டிக் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள், இப்போது போலீஸ் அனுமதியில் 'கூம்புக் குழாய் கூடாது' என்று போடுவதற்கு வருத்தப்பட மாட்டார்கள்.

அளந்தது

பெட்டியின் வெளி அளவு 70 × 50 × 45 செ.மீ. பலகைத் தடிமனைக் கழித்தால் உள்ளே 127 லிட்டர். ஸ்பீக்கரும் உள் கட்டைகளும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 115 லிட்டர். முன்பலகையில் அடியில் 10 செ.மீ. விட்டத்தில் இரண்டு துளைகள். வேலை சுத்தம். மூட்டுகளில் காற்று ஒழுகல் இல்லை, விளிம்பெல்லாம் வழுவழுப்பு.

துளைக்குள் கையை விட்டேன். நேராகப் பெட்டிக்குள் போய்விட்டது. பின்னால் குழாய் இல்லை.

ஆசாரியைக் குறை சொல்லி என்ன செய்வது? அவருக்குக் கொடுத்தது ஃபோனில் ஒரு வெளிநாட்டுப் பெட்டியின் படமும், அதன் வெளி அளவும். படத்தில் துளை தெரியும், துளைக்குப் பின்னால் இருக்கும் குழாய் தெரியாது. தெரிந்ததை அவர் அச்சு அசலாகச் செய்து கொடுத்திருக்கிறார்.

குழாய் இல்லாவிட்டாலும் 18 மி.மீ. பலகைத் தடிமனே ஒரு குட்டைக் குழாய்தான். துளையின் இரண்டு வாயிலும் ஒட்டிக்கொண்டு ஆடும் காற்றையும் சேர்த்தால், கணக்குக்கு 10 செ.மீ. நீளம் வரும். 115 லிட்டருக்கும் அந்தத் துளைகளின் பரப்புக்கும் அந்த நீளத்துக்கும் கணக்குப் போட்டால் பெட்டியின் அதிர்வெண் 63 ஹெர்ட்ஸ்.

கணக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்று, உயிரோடிருந்த ஒரு ஸ்பீக்கரை மாட்டி நேரில் பார்த்தோம். கோனில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து, ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பைப் போட்டு, ஆம்ப் வழியாக மெதுவாக 90 ஹெர்ட்ஸிலிருந்து இறக்கினேன். 80இல் புள்ளி சின்னக் கோடாகத் தெரிந்தது. 70இல் கோடு சுருங்கியது. 63க்கு வந்ததும் புள்ளி புள்ளியாகவே நின்றது, கோன் தூங்குகிறது. ஆனால் சத்தம் குறையவில்லை. துளைக்கு முன்னால் பிடித்த ஊதுவத்திப் புகை மட்டும் தாறுமாறாகச் சிதறியது. 55க்கு இறக்கியதும் கோடு மறுபடி நீண்டது. 45இல் அது விரல் அகலம் ஆகிக் கோனே மங்கலாகத் தெரிந்தது, காதுக்கோ சத்தம் பாதிகூட இல்லை.

மைக்செட்காரர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சவுண்டே வரலீங்களே, இது எதுக்குங் இந்தக் குதி குதிக்குது?" என்றார். மேடையில் அவருக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்ததும் இதுதான்.

கணக்குப்படி இந்தப் பெட்டியில் 45 ஹெர்ட்ஸில் 100 வாட் கொடுத்தாலே கோன் 6 மி.மீ. ஓடும். எல்லை 5. ஐந்நூறு வாட் ஸ்பீக்கர் நூறு வாட்டிலேயே எல்லை தாண்டுகிறது.

இனி அவருடைய மிக்ஸர் மேசைக்கு வருவோம். அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 40, 50 ஹெர்ட்ஸ் பட்டன்கள் இரண்டும் 9 டெசிபல் மேலே நின்றன. பேடின் கிக் கேட்கவில்லை என்று குழு சொல்ல, அவர் ஏற்றியிருக்கிறார். ஒன்பது டெசிபல் என்றால் எட்டு மடங்கு வாட், கோன் ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சத்தம் வராத இடத்தில் சத்தத்தைத் தேடித் தேடி ஏற்றியிருக்கிறார். வந்தது தட் தட் என்று காயில் தகட்டில் அடிக்கும் ஓசை. அதையும் பேடின் ஓசை என்றே நினைத்திருக்கிறார்கள்.

ஆம்ப் தன் எல்லையைத் தாண்டுவதைக் காட்டும் கிளிப் விளக்கு அணையாமல் எரிந்ததும் நல்லதுக்கில்லை. அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்டால், அதே உச்ச வோல்டேஜில் இரண்டு மடங்கு சூடு. இந்தக் கேஸில் அது துணைக் குற்றவாளி மட்டுமே.

தலைகீழ் ஒயர்

இன்னொன்றும் கிடைத்தது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். சிவப்பு முனையில் பிளஸ் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும். ரீகோன் செய்த ஸ்பீக்கர்களில், உயிரோடிருந்ததில், அது உள்ளே போனது. காயில் முனைகளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

தனியாக ஒலித்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பெட்டியோடு சேர்ந்தால்தான் வினை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். ஏழு மீட்டர் நீள அலைக்கு முன்னால் அடுத்தடுத்த இரண்டு பெட்டியும் ஒரே இடம் மாதிரிதான், பேஸ் காற்றிலேயே கரைந்துவிடும். முதல் பண்டிகைக்குப் பிறகு 'கிக்' இன்னும் குறைந்ததாகவும், அதனால்தான் பட்டன்களை ஏற்றியதாகவும் அவர் சொன்னார். கணக்கு பொருந்துகிறது.

செய்த வேலை

ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளிலும் எழுதி வைத்த வழியில்தான் இன்று உலகமே பேஸ் பெட்டி போடுகிறது. ஸ்பீக்கரின் சொந்த அதிர்வெண், அதன் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் மொத்த 'கியூ', அதன் தொங்கலின் மிருதுத் தன்மைக்கு ஈடான காற்றின் கொள்ளளவு ஆகிய மூன்றும் தெரிந்தால், எத்தனை லிட்டர் பெட்டி, எத்தனை ஹெர்ட்ஸ் குழாய் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம். இந்த ஸ்பீக்கருக்கு முறையே 42 ஹெர்ட்ஸ், 0.42, சுமார் 150 லிட்டர். அதற்கு 115 லிட்டர் பெட்டி நன்றாகவே பொருந்துகிறது. ஆசாரி படத்தைப் பார்த்துச் செய்த அளவு அதிர்ஷ்டவசமாகச் சரி. குழாயின் அதிர்வெண்தான் 42 பக்கம் இருந்திருக்க வேண்டும், 63இல் நின்றுவிட்டது.

63ஐ 42 ஆக்க என்ன வேண்டும்? குழாய்க் காற்றின் எடையைக் கூட்ட வேண்டும், அதாவது நீளம். கணக்கு 16 செ.மீ. என்றது. ஹார்டுவேர் கடையில் நாலு இஞ்ச் பி.வி.சி. பைப், வீட்டு டிரெயினேஜுக்குப் போடுவது, ஒரு துண்டு வாங்கி எட்டாக அறுத்தோம். பைப்பின் வெளி விட்டம் 11 செ.மீ., அதனால் துளைகளைக் கொஞ்சம் அகலமாக்கி, எபாக்ஸி வைத்து ஒட்டி, வெளி வாயின் விளிம்பை உருட்டி மழுக்கினார் ஆசாரி. கூர் விளிம்பாக விட்டால் காற்று வேகமாகப் போகும்போது புஸ் புஸ்ஸென்று சீறும். உள் வாய்க்கும் பின்பலகைக்கும் நடுவே குறைந்தது ஒரு பைப் விட்டம் அளவாவது இடைவெளி வேண்டும். இங்கே 25 செ.மீ.க்கு மேல் இருந்ததால் கவலையில்லை.

ஒட்டிக் காய்ந்ததும் அதே வெள்ளைப் புள்ளிச் சோதனை. கோன் இப்போது 43இல் நின்றது. பைப்பின் உள் விட்டம் 10 செ.மீ.யை விடக் கொஞ்சம் அதிகம் என்பதால் அந்த ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம், விட்டுவிட்டோம். வெட்டவெளியில் இரண்டு மீட்டர் தள்ளி மைக் வைத்து, ஆம்ப்பைத் தொடாமல் அளந்தால் 45 ஹெர்ட்ஸில் சத்தம் 6 டெசிபல் ஏறியிருந்தது. கோனின் ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. 6 டெசிபலை வாட்டில் வாங்கப் போனால் நான்கு மடங்கு ஆம்ப் வேண்டும்.

குழாய் மட்டும் போதாது. 43க்குக் கீழே கோன் இன்னும் வெற்றாகத்தான் ஓடும். 30 ஹெர்ட்ஸில் பழைய பெட்டிக்கும் புதியதற்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசமில்லை. பேடில் அடிக்கும் சில ஓசைகள் அங்கேயும் போகின்றன. மைக்கைக் கையில் தட்டினாலே போகிறது. அதனால் பேஸைத் தனியாகப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் 38 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் வெட்டினோம். பட்டன்கள் இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினோம். சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் அடக்கும் லிமிட்டரைக் கிளிப் விளக்கு எரியாத அளவுக்கு வைத்தோம். ரீகோன் ஸ்பீக்கரின் ஒயரை மாற்றினோம். செத்த இரண்டுக்கும் புதுக் காயில் கட்டியபோது, ஸ்பைடரை ஒட்டும் முன் பழைய பசையை முழுக்கச் சுரண்டச் சொன்னேன், சோம்பேறித்தனமாக மேலேயே ஒட்டுவார்கள்.

அரங்கேற்ற இரவு

முதலில் மைக்செட்காரருக்குத் திருப்தி இல்லை. "பஞ்சு கொறஞ்ச மாதிரி இருக்குதுங் தம்பி" என்றார். அவர் சொன்னது பஞ்ச், அதாவது அடியின் இடி. காது பொய் சொல்லவில்லை. பழைய பெட்டி 63 பக்கத்தில் நாலைந்து டெசிபல் தூக்கிக் கொடுத்தது. எந்தத் தாளம் வந்தாலும் அந்த ஒரே 'கும்' தான். பம்பையா, தவிலின் தொப்பிப் பக்கமா, பேடா என்று பிரித்துச் சொல்ல முடியாது. புதிதில் அந்தத் தூக்கல் போய்விட்டது, அதற்குக் கீழே இல்லாதிருந்தது வந்துவிட்டது. பேட்காரர் இரண்டு பாட்டு அடித்துப் பார்த்துவிட்டுத் தன் கிக்கின் அளவைத் தானே குறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு 'பஞ்சு' பற்றிப் பேச்சு வரவில்லை.

அன்று இன்னொரு விஷயத்தையும் மாற்றினோம். இதுவரை இரண்டு பெட்டியை மேடையிலும் இரண்டைத் திடலின் கடைசியிலும் வைப்பார், 60 மீட்டர் இடைவெளி. 'கடைசி வரிசைக்கும் கேக்கோணுமில்லீங்' என்பது அவர் நியாயம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 60 மீட்டருக்கு ஆறில் ஒரு நொடிக்கும் கொஞ்சம் கூடுதல். கடைசி வரிசைப் பெண்கள் பக்கத்துப் பெட்டியின் தாளத்துக்குக் கை தட்டுவார்கள். மேடைப் பெட்டியின் தாளம் அப்புறம் வந்து சேரும். நடுவில் நிற்பவர்களுக்கு எதைப் பிடிப்பதென்றே தெரியாது. வேகமான அடவில் கை தட்டல் மழை மாதிரிச் சிதறியதற்குப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தார் ஆசிரியர்.

நான்கு பேஸ் பாக்ஸையும் மேடைக்கு முன்னால் ஒன்றாக அடுக்கினோம். பேஸ் பெட்டிகள் ஒட்டி நின்றால் ஒன்றுக்கொன்று துணை. ஒரு பெட்டி இரண்டானால் 3 டெசிபல் இல்லை, 6 டெசிபல் ஏறும். பிரித்து வைத்தால் அந்த லாபம் போய்விடும். திடலின் கடைசியில் டாப் பெட்டிகளை (பேஸுக்கு மேலுள்ள சத்தத்துக்கானவை) மட்டும் விட்டு, பிராசஸரில் 170 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தோம். மேடைச் சத்தமும் அதுவும் கடைசி வரிசைக்கு ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. மைதானத்தின் நடுவில் கொஞ்சம் குழப்பம் இன்னும் இருக்கிறது, அதை முழுக்கத் தீர்க்க முடியாது. பத்து மணிக்கு அணைத்தார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, போலீஸ்காரர் ஒருவர் ஒன்பதே முக்காலுக்கே வந்து நின்றுவிட்டார்.

அணைத்த கையோடு ஒவ்வொரு காயிலின் ஓமையும் அளந்தேன். நான்கும் ஏழு ஓமுக்குக் கீழே. சூடுதான், ஆபத்தான சூடு இல்லை. அந்த சீசன் முழுக்க அந்தப் பெட்டிகள் ஓடின, ஒரு ஸ்பீக்கரும் போகவில்லை. முழுச் சத்தத்தில் பக்கத்தில் போய் நின்றால் குழாய் வாயில் லேசான சீறல் கேட்கிறது. நாலு இஞ்ச் இரண்டு பைப் என்பது 15 இஞ்சுக்குக் கொஞ்சம் ஒடுக்கம்தான். ஆறு இஞ்ச் போட்டால் சீறல் போகும், ஆனால் நீளம் அதற்கேற்பக் கூடும், பெட்டிக்குள் இடம் பிடிக்கும். கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்பதால் அவர் அதைத் தொட விரும்பவில்லை.

விஷயம் பரவிவிட்டது. வெள்ளகோவில் பக்கமிருந்து இன்னொரு மைக்செட்காரர் ஃபோன் செய்தார், 16 செ.மீ. பைப் வாங்கி வைத்துவிட்டாராம், எந்தப் பசை நல்லது என்று மட்டும் கேட்டார். அவருடையது 12 இஞ்ச் ஸ்பீக்கர், 60 லிட்டர் பெட்டி, ஒரே ஒரு நாலு இஞ்ச் துளை, ஸ்பீக்கரின் சொந்த அதிர்வெண் 55. அதில் 16 செ.மீ. போட்டால் பெட்டி 41க்கு இறங்கிவிடும், 55, 60 பக்கத்தில் இருக்கிற சத்தமும் போய்விடும். அவருக்கு வேண்டியது 6 செ.மீ. கூட இல்லை. பைப்பை அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.